மணி அடித்தால் ஓடி வந்த மனிதர்: அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகள் அன்றும் இன்றும்

கார் பங்க்குக்குள் நுழைகிறது. தரையில் குறுக்கே கிடக்கும் கறுப்பு ரப்பர் குழாய் மேல் முன்சக்கரம் ஏறியதும் 'டிங்' என்று ஒரு மணி. பின்சக்கரம் ஏறியதும் இன்னொரு 'டிங்'. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் சீருடையும் தொப்பியும் போட்ட ஒருவர், பின்பாக்கெட்டில் தொங்கும் துணியோடு ஓடி வருவார். "டேங்கை நிரப்பட்டுமா?" என்று கேட்டுக் குழாயை மாட்டிவிட்டு, பெட்ரோல் இறங்கும் நேரத்துக்குள் முன்கண்ணாடியைத் துடைப்பார். பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று கவனிப்பார். இதற்கெல்லாம் தனிக்காசு கிடையாது. காரில் இருப்பவர் இறங்கக்கூட வேண்டாம்.

அமெரிக்காவில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் காட்சியைத்தான் ஏக்கத்தோடு சொல்வார்கள். அவர்கள் மொழியில் இது 'கேஸ் ஸ்டேஷன்'. (கேஸ் என்றதும் சமையல் சிலிண்டரை நினைக்க வேண்டாம். 'கேஸலின்' என்பதன் சுருக்கம் அது. பெட்ரோலுக்கு அங்கே அதுதான் பெயர்.) பழைய பங்க்குகளின் படம் போட்ட காலண்டர்களும் தகர விளம்பரப் பலகைகளும் இன்றும் அங்கே நன்றாக விற்கின்றன. ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் போன பம்புகளைத் தேடிப் பிடித்து, வண்ணம் பூசி, வீட்டு வரவேற்பறையில் நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. 1940-இல் எட்வர்ட் ஹாப்பர் வரைந்த 'கேஸ்' என்ற ஓவியம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காட்டோரச் சாலை, பொழுது சாயும் நேரம், மூன்று சிவப்புப் பம்புகள், பக்கத்தில் ஒற்றை மனிதர். அவ்வளவுதான் படம். ஹாப்பர் வரைந்தபோது அது அன்றாடக் காட்சி. இன்று பார்ப்பவர்களுக்கு அதுவே தொலைந்துபோன ஒரு காலம்!

அந்த மனிதர் ஏன் ஓடி வந்தார், யாருக்காகவெல்லாம் ஓடி வந்தார் என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இந்த ஏக்கத்துக்குப் பின்னால் வேறு சில கதைகளும் கிடக்கின்றன.

கார் வந்த புதிதில் பங்க் என்ற ஒன்றே கிடையாது. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு சுமார் 100 கிலோமீட்டர் கார் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் அந்த மருந்துக்கடைதான் என்று ஜெர்மானியர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். பலசரக்குக் கடை, இரும்புக் கடை, குதிரை லாயம், கொல்லன் பட்டறை என்று எங்கே பீப்பாய் இருக்கிறதோ அங்கே போய், வாளியில் அளந்து வாங்கி, புனல் வைத்து ஊற்றிக்கொள்ள வேண்டும். புனலில் மான்தோல் துண்டு ஒன்றைப் போட்டு வடிகட்டுவார்கள். இல்லாவிட்டால் பீப்பாயில் இருக்கும் தூசியும் தண்ணீரும் எஞ்சினுக்குள் போய்விடும். பக்கத்தில் யாராவது சுருட்டுப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

இந்தத் தொல்லைக்கு ஒரு வழி ஏற்கெனவே பிறந்திருந்தது. 1885-இல் இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வேன் நகரில் சில்வேனஸ் பவுசர் என்பவர் ஒரு மளிகைக் கடைக்காரருக்காக மண்ணெண்ணெய் பம்பு ஒன்றைச் செய்து கொடுத்தார். மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒழுகி, பக்கத்தில் இருந்த வெண்ணெய் கெட்டுப்போனதுதான் அதற்குக் காரணம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதையே திருத்தி 1905-இல் கார்களுக்கான பெட்ரோல் பம்பாக விற்றார். ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் பம்புக்கே 'பவுசர்' என்று பெயர் வந்துவிட்டது. இலங்கைத் தமிழர்கள் எரிபொருள் வண்டியையும் தண்ணீர் வண்டியையும் 'பவுசர்' என்கிறார்களே, அதுவும் இந்த மனிதரின் பெயர்தான்.

முதல் பங்க் எது என்பதில் அமெரிக்க நகரங்களுக்குள் ஒரு சண்டையே உண்டு. 1905-இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு தொட்டியை உயரத்தில் நிறுத்தி, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை மாட்டி நேரடியாகக் காருக்குள் ஊற்றினார்கள். 1907-இல் சியாட்டிலில் இதுபோல இன்னொன்று. ஆனால் காருக்காகவே கட்டிய, வண்டி உள்ளே வந்து போகும்படி கூரையும் வெளிச்சமும் போட்ட பங்க் என்றால், 1913 டிசம்பர் 1-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரின் பாம் பூல்வார்ட் சாலையில் கல்ஃப் நிறுவனம் திறந்ததைத்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் விற்பனை 30 கேலன். ஒரு கேலன் என்பது சுமார் 3.8 லிட்டர்; அன்றைய விலை 27 சென்ட். காற்றும் தண்ணீரும் இலவசம். கல்ஃப் விரைவிலேயே சாலை வரைபடங்களையும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இலவச சேவை என்ற பழக்கம் பங்க்கோடு பங்க்காகவே பிறந்தது எனலாம்.

ஆனாலும் மக்களுக்கு நம்பிக்கை வரவில்லை. இரும்புப் பம்புக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அளவு சரியா? தண்ணீர் கலந்திருக்கிறதா? இந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக வந்ததுதான் கண்ணாடிப் பம்பு. ஆள் உயரத்துக்கு மேல், உச்சியில் ஒரு பெரிய கண்ணாடி உருளை. அதில் கேலன் கணக்குக் கோடுகள். பணியாளர் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி, தரையடித் தொட்டியிலிருந்து பெட்ரோலை உருளைக்குள் ஏற்றுவார். வாங்குபவர் கண்ணாலேயே அளவைப் பார்த்துக்கொண்ட பிறகு அது தானாகக் குழாய் வழியே காருக்குள் இறங்கும். 1920களில் அமெரிக்கா முழுக்க இதுதான். தமிழ்நாட்டுப் பங்க்குகளில் "ஜீரோ பாத்துக்குங்க" என்று மீட்டரைக் காட்டிவிட்டுத்தான் போட ஆரம்பிப்பார்கள் அல்லவா? அதன் கொள்ளுத் தாத்தா இந்தக் கண்ணாடி உருளை. 1930களில் அளவையும் விலையையும் தானே கணக்கிட்டுக் காட்டும் பம்புகள் வந்ததும் கண்ணாடி மறைந்தது.

கண்ணாடிக்குள் தெரியட்டும் என்பதற்காகவே நிறுவனங்கள் பெட்ரோலுக்கு நிறம் சேர்த்தன. அதில் புகழ்பெற்றது 'எத்தில்' என்ற சிவப்புப் பெட்ரோல். 1923 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. எஞ்சின் தட்டும் சத்தத்தை நிறுத்தும் என்று விளம்பரம் செய்தார்கள், உண்மையிலேயே நிறுத்தியது. தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த அந்த மருந்து டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயம். பெயரில் ஈயம் என்ற சொல்லே வராதபடி பார்த்துக்கொண்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளிகள் 5 பேர் சித்தப்பிரமை பிடித்து இறந்தார்கள். விற்பனை சில காலம் நின்றது. 1926-இல் மறுபடி அனுமதி கிடைத்தது. பிறகு அரை நூற்றாண்டு அந்த ஈயம் புகையாக வெளியேறி, சாலையோரக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. 1970களின் நடுவில்தான் குறைக்க ஆரம்பித்தார்கள். சாலையில் ஓடும் வாகனங்களுக்கு அமெரிக்கா முழுத் தடை போட்டது 1996-இல். உலகிலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, அது 2021-இல். பழைய பங்க்கின் வாசனையை நினைத்து உருகுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

சரி, அந்த மனிதர் ஏன் ஓடி வந்தார்?

பதில் எளிது. எந்த நிறுவனத்தின் பெட்ரோலானாலும் காருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு பங்க் இருந்தால் எதற்குள் கார் திரும்பும்? விலையைக் குறைத்தால் பக்கத்துக்காரரும் குறைப்பார். இரண்டு பேருக்கும் நஷ்டம். எனவே பெட்ரோலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் போட்டி போட்டார்கள். 1927 முதல் ப்யூர் ஆயில் நிறுவனம் தன் பங்க்குகளை நீல ஓடு வேய்ந்த ஆங்கிலேயக் குடிசைவீடு போலக் கட்டியது. வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலம் நகரில் ஷெல் பெட்ரோல் விற்றவர்கள் 1930களில் சிப்பி வடிவத்திலேயே பங்க்குகளைக் கட்டினார்கள். அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. வாஷிங்டன் மாநிலம் ஸில்லா என்ற சிற்றூரில் தேநீர்க் கெட்டில் வடிவத்தில் ஒரு பங்க் உண்டு. அது வெறும் வேடிக்கை இல்லை. 1922-இல் 'டீபாட் டோம்' என்ற இடத்து அரசு எண்ணெய் நிலத்தை லஞ்சம் வாங்கிக்கொண்டு குத்தகைக்கு விட்ட ஊழல் அமெரிக்காவையே கலக்கியது. அதைக் கேலி செய்து கட்டியது அது!

சீருடை, துடைத்த கண்ணாடி, இலவச வரைபடம், டேங்க் நிரப்பினால் ஒரு கண்ணாடித் தம்ளர், பொருள்களாக மாற்றிக்கொள்ளும் பச்சை ஸ்டாம்பு எல்லாம் இந்தப் போட்டியின் பிள்ளைகள். பானெட்டைத் திறந்து பார்த்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. ஆயில் குறைந்திருந்தால் ஒரு டப்பா ஆயில் விற்கலாம். பெல்ட் தேய்ந்திருந்தால் பெல்ட், டயர் வழுக்கையாக இருந்தால் டயர். பெட்ரோலில் கிடைத்த லாபம் சொற்பம். பங்க் நடத்தியவரின் அடுப்பு எரிந்தது டயரிலும் பேட்டரியிலும்தான். அந்த பங்க் பெரும்பாலும் அவருக்குச் சொந்தமும் இல்லை. 1935-இல் அயோவா மாநிலம் சங்கிலிக் கடைகளுக்கு வரி போட்டபோது, எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் பங்க்குகளைத் தனி ஆட்களுக்குக் குத்தகைக்கு விட்டு வரியிலிருந்து தப்பித்தன. அந்த முறை நாடு முழுக்கப் பரவியது. வேலையும் வியர்வையும் குத்தகைக்காரருடையது. பெயர்ப்பலகையும் இடமும் நிறுவனத்துடையது. விடியற்காலை முதல் இரவு வரை மனைவி மக்களோடு உழைத்தாலும் அடுத்த வருடக் குத்தகை கிடைக்குமா என்பது உறுதியில்லை. அவர் சிரித்துக்கொண்டே ஓடி வந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அதற்காக அந்தச் சேவையே போலி என்று சொல்லிவிட முடியாது. அன்றைய கார்களுக்கு அது தேவைப்பட்டது. எஞ்சின்கள் ஆயிலைக் குடித்தன, ரேடியேட்டர்கள் கொதித்தன, ட்யூப் டயர்கள் அடிக்கடி பஞ்சர் ஆயின. பாலைவனச் சாலையில் கார் நின்றுவிட்டால் அடுத்த பங்க்காரர்தான் மெக்கானிக், அவர்தான் வழிகாட்டி, சில சமயம் அவர்தான் சோறு போடுபவர். ஓக்லஹோமா மாநிலம் ஹைட்ரோ ஊருக்கு அருகே, புகழ்பெற்ற 66-ஆம் எண் நெடுஞ்சாலையோரம், 1941 முதல் 2000-இல் இறக்கும்வரை பங்க் நடத்திய லூசில் ஹேமன்ஸ் என்ற பெண்மணி அதற்குச் சாட்சி. கீழே பங்க், மாடியில் வீடு. பிழைப்புத் தேடி மேற்கே போனவர்கள் கையில் காசில்லாமல் வந்து நின்றால் டேங்கை நிரப்பி, சாப்பாடு போட்டு அனுப்புவார். ஓடாத காரை விலைக்கு எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காசு கொடுத்ததும் உண்டாம். 'தாய்ச்சாலையின் தாய்' என்று அவரை அழைத்தார்கள்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி ஒரு லூசில் வாய்க்கவில்லை. ஏக்கக் கதைகள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது.

1930களில் நிறுவனங்கள் போட்டி போட்ட முக்கியமான விஷயம் கழிப்பறை. குடும்பத்தோடு பயணம் போகும்போது எங்கே நிறுத்துவது என்பதைப் பெண்களே முடிவு செய்கிறார்கள், அவர்கள் சுத்தமான கழிப்பறையைத்தான் தேடுகிறார்கள் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. டெக்ஸகோ 1930களின் இறுதியில் 'பதிவு பெற்ற கழிப்பறை' என்று பலகை மாட்டி, சோதித்துப் பார்க்க வெள்ளைக் கார்களில் ஆய்வாளர்களை அனுப்பியது. பிலிப்ஸ் நிறுவனம் பயிற்சி பெற்ற நர்சுகளையே அந்த வேலைக்கு அமர்த்தியது. விளம்பரங்களில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தாய் புன்னகையோடு நடந்து போவாள்.

அந்தத் தாய் எப்போதும் வெள்ளைக்காரிதான். கறுப்பினக் குடும்பம் ஒன்று அதே பங்க்குக்குள் நுழைந்தால், தென் மாநிலங்களில் பல இடங்களில் பெட்ரோல் போடுவார்கள், காசு வாங்கிக்கொள்வார்கள், கழிப்பறைச் சாவியை மட்டும் கொடுக்க மாட்டார்கள். சில இடங்களில் பெட்ரோலே கிடையாது. அதனால் கறுப்பினக் குடும்பங்கள் பயணம் கிளம்பும்போது சாப்பாட்டுக் கூடையோடு, டிக்கியில் ஒரு பெட்ரோல் கேனையும், குழந்தைகளுக்காக ஒரு காலி டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டன. நியூயார்க்கின் ஹார்லமில் வசித்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936-இல் ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்பினத்தவரை மரியாதையாக நடத்தும் விடுதி எது, உணவகம் எது, பங்க் எது என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்ட 'கிரீன் புக்' அது. எஸ்ஸோ நிறுவனம் மட்டும் கொஞ்சம் விலகி நின்றது. கறுப்பினத்தவருக்கும் பங்க் நடத்தும் உரிமை கொடுத்தது. தன் பங்க்குகளிலேயே கிரீன் புக்கை விநியோகித்தது. கருணை பாதி, வியாபாரம் பாதி என்றாலும் பாராட்டத்தான் வேண்டும்.

இதைவிட அதிகம் பேசப்படாத சம்பவம் 1952-இல் நடந்தது. இடம் மிசிசிப்பி மாநிலம் மவுண்ட் பேயூ, விடுதலையான அடிமைகள் உருவாக்கிய ஊர். அங்கே டாக்டர் டி. ஆர். எம். ஹவர்ட் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் இருந்தார். முந்தைய ஆண்டுதான் ஓர் உரிமை அமைப்பைத் தொடங்கியிருந்தார். அந்த அமைப்பு கார்களின் பம்பரில் ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர் அச்சடித்தது. 'கழிப்பறையைப் பயன்படுத்த விடாத இடத்தில் பெட்ரோல் வாங்காதீர்கள்' என்பதுதான் அதில் இருந்த வாசகத்தின் பொருள். பிற்காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸ், அப்போது ஹவர்டின் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். ஊர் ஊராகப் போய் அதை விநியோகித்தவர்களில் அவரும் ஒருவர். மிசிசிப்பி போன்ற இடத்தில் அப்படி ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு கார் ஓட்டுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். புறக்கணிப்பு வேலை செய்தது. பல பங்க்குகள் கறுப்பினத்தவருக்குக் கழிப்பறை கட்டின. தனிக் கழிப்பறைதான்! பொதுவானது கிடைக்க இன்னும் 12 வருடம் ஆயிற்று. 1964 குடியுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, பாகுபாடு காட்டக் கூடாத இடங்களின் பட்டியலில் பெட்ரோல் பங்க்கைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சட்டத்தில் எழுதி வைக்க வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்திருக்கிறது. அதன் பிறகு கிரீன் புக்கும் அதிக நாள் வரவில்லை. கடைசிப் பதிப்பு 1966-67.

அந்தச் சட்டம் வந்த நேரத்தில், பழைய பங்க்கின் காலமும் முடியத் தொடங்கியிருந்தது. 1956-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 41,000 மைல் நீள அதிவேக நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. அவை ஊர்களுக்குள் போகவில்லை, ஊர்களைத் தாண்டிப் போயின. லூசிலின் பங்க் எதிரிலேயே 40-ஆம் எண் நெடுஞ்சாலை வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடும், ஒன்றும் உள்ளே திரும்ப முடியாது. பழைய 66-ஆம் எண் சாலை 1985-இல் அரசுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

மறுபக்கம், ஓடி வரும் மனிதரையே நீக்கிவிடலாம் என்ற யோசனையும் வளர்ந்துகொண்டிருந்தது. 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கேலனுக்கு 5 சென்ட் மிச்சம்' என்று ஒரு பங்க் திறந்தது. காசு வாங்க ஸ்கேட்டிங் சக்கரம் கட்டிய பெண்கள் பம்புக்குப் பம்பு வழுக்கிக்கொண்டு போனார்கள். 1964-இல் கொலராடோவின் வெஸ்ட்மின்ஸ்டரில் கடைக்குள் உட்கார்ந்தபடியே பம்பை இயக்கிவிடும் கருவி வந்தது. மளிகைக் கடைக் கல்லாவில் இருப்பவரே பெட்ரோலும் விற்கலாம். தீ விபத்து அபாயம் என்று பல மாநிலங்கள் இதைத் தடுத்து வைத்திருந்தன.

பிறகு 1973 அக்டோபர் வந்தது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பங்க் வாசலில் தெரு நீளத்துக்குக் கார் வரிசை. எண் பலகையில் ஒற்றைப்படை எண் இருந்தால் ஒரு நாள், இரட்டைப்படை எண் இருந்தால் மறுநாள். ஞாயிற்றுக்கிழமை பங்க்கைத் திறக்க வேண்டாம் என்று அதிபர் நிக்சன் கேட்டுக்கொண்டார். 1973-இல் கேலனுக்குச் சராசரி 39 சென்ட்டாக இருந்த விலை 1974-இல் 53 ஆனது. பெட்ரோல் கிடைத்தாலே போதும் என்று மூன்று மணி நேரம் நிற்பவருக்குக் கண்ணாடி துடைத்துவிட வேண்டுமா என்ன? தம்ளரும் ஸ்டாம்பும் இலவச வரைபடமும் ஒவ்வொன்றாக நின்றன. நாலு சென்ட் குறைவாகக் கிடைக்கும் என்றால் தாங்களே போட்டுக்கொள்ள மக்கள் தயாரானார்கள். 1979-80 வாக்கில் விலை ஒரு டாலரைத் தாண்டியபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. பழைய பம்புகளின் சக்கரங்கள் 99.9 சென்ட்டுக்கு மேல் காட்டாது. அவ்வளவு விலை ஏறும் என்று செய்தவர்கள் கனவிலும் நினைக்கவில்லை! அதனால் பல பங்க்குகளில் அரை கேலன் விலையைக் காட்டி, கடைசியில் இரண்டால் பெருக்கிக் காசு வாங்கினார்கள்.

காரும் மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆயில் பார்க்க வேண்டாம், ரேடியேட்டர் கொதிப்பதில்லை, டயர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. மெக்கானிக் வேலை நடந்த கொட்டகையைச் சுவர் வைத்து அடைத்துக் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்ரோலைவிடக் காபியில் லாபம் அதிகம் என்பது தெரிந்தது. மிஞ்சியிருந்த சின்னப் பங்க்குகளுக்குக் கடைசி அடி தரைக்கு அடியிலிருந்து வந்தது. பல வருடங்களுக்கு முன் புதைத்த இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து, நிலத்தடி நீரில் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. 1998 டிசம்பர் 22-க்குள் தொட்டிகளை மாற்ற வேண்டும் அல்லது மூட வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. மாற்றக் காசில்லாதவர்கள் மூடினார்கள். இதுவரை அமெரிக்கா முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓவியத்தில் அவ்வளவு அமைதியாக நிற்கும் அந்தப் பம்புகளுக்குக் கீழே இப்படியும் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

இன்று பங்க் என்பது பெரும்பாலும் கடை. டெக்ஸஸ் மாநிலம் லூலிங்கில் பக்கீஸ் நிறுவனம் 2024 ஜூனில் திறந்த கடையின் பரப்பு 75,000 சதுர அடி, வெளியே 120 பம்பு முனைகள். சின்ன ஊர்களில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் இந்தியாவிலிருந்தோ, பாகிஸ்தானிலிருந்தோ, வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். பழைய குத்தகைக்காரரின் நீண்ட நேரமும், குடும்ப உழைப்பும், தூக்கமில்லாத இரவும் இப்போது அவர்களிடம் கைமாறியிருக்கின்றன. அரிசோனாவின் மேசா நகரில் பங்க் நடத்திய பல்பீர் சிங் சோதி அப்படி வந்தவர்தான். 2001 செப்டம்பர் 15 அன்று, தன் பங்க்குக்கு முன்னால் செடி நடும் வேலையில் நின்றுகொண்டிருந்தபோது, தலைப்பாகையைப் பார்த்துத் தீவிரவாதி என்று நினைத்த ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். நியூயார்க் தாக்குதல் நடந்து நாலே நாள். பங்க்கில் யாருக்கு இடம் என்ற பழைய கேள்வி, இந்த முறை பங்க்காரரின் மேலேயே பாய்ந்தது.

மணி அடித்தால் மனிதர் வரும் இடம் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. நியூ ஜெர்சியில் இன்றும் யாரும் தாங்களாகப் பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது. 1949-இல் ஹாக்கன்சாக் நகரில் ஒருவர் சுயசேவை பங்க் திறந்து விலையைக் குறைத்தபோது, மற்ற பங்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து சட்டமன்றத்தில் சொல்லி வாங்கிய தடை அது. காரணம் என்று எழுதியது தீப் பாதுகாப்பு. உண்மையில் காப்பாற்றியது விலையை! ஆனாலும் எழுபத்தைந்து வருடம் கழித்து அந்த மாநிலத்தார் அதைத் தங்கள் பெருமையாகவே கொண்டாடுகிறார்கள். 'ஜெர்சிப் பெண்கள் பெட்ரோல் போட்டுக்கொள்வதில்லை' என்று பம்பர் ஸ்டிக்கரே உண்டு.

ஓரிகனிலும் 1951 முதல் இதே தடை இருந்தது. 2018-இல் கிராமப்புறங்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். அப்போதே, தாங்களாகப் போட்டால் கையெல்லாம் பெட்ரோல் நாறும் என்று சிலர் புலம்பியதை மற்ற மாநிலத்தார் விழுந்து விழுந்து கேலி செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 4 அன்று ஆளுநர் டீனா கோடெக் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டு முழு மாநிலத்துக்கும் சுயசேவையை அனுமதித்தார். அதில் ஒரு நிபந்தனை. மக்கள் நெருக்கமான பகுதிகளில் ஒரு பங்க்கின் பம்புகளில் பாதிக்கு மேல் சுயசேவைக்கு ஒதுக்கக் கூடாது. மீதியில் ஆள் நின்றாக வேண்டும். இரண்டிலும் விலை ஒன்றாகவே இருக்க வேண்டும். அதனால் இப்போது அங்கே உள்ளே நுழையும் கார்கள், ஒரு கணம் நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகின்றன.